51 வயதிலும் ஜெர்சி கழற்றாத ஏழாம் நம்பர்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிலிப்பைன்ஸில் ராபர்ட் ஜாவோர்ஸ்கி என்று ஒரு கூடைப்பந்து வீரர். 50 வயது தாண்டியும் தொழில்முறை லீக்கில் ஆடினாராம், அப்புறம் செனட்டராகவும் ஆனாராம். நிஜமாகவே அவ்வளவு பெரிய ஆட்டக்காரரா, இல்லை கூட்டம் தூக்கிவிட்ட ஆளா? பழைய வீடியோ பார்ப்பதென்றால் எதில் ஆரம்பிக்கலாம்?"

இரண்டும்தான். ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் இல்லை. 1970களில் அவர் ஆசியாவின் முதல்தரமான கார்டுகளில் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்களில்) ஒருவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1985-க்கு அப்புறம் நடந்தது வேறு கதை. அதைப் புள்ளிப் பட்டியல் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

கொஞ்ச காலம் வேலை நிமித்தமாக கெசோன் சிட்டியில் இருந்தேன். தங்கியிருந்த தெருவில் மின்கம்பத்தில் ஒரு பிளைவுட் பலகை, அதில் வலை இல்லாத இரும்பு வளையம். ரப்பர் செருப்போடு பையன்கள் ஆடுவார்கள். டிரைசைக்கிள், அதாவது பக்கத்தில் பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் டாக்ஸி, வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டு மறுபடி ஆடுவார்கள். அங்கே டிரைசைக்கிள் ஸ்டாண்டில் ஒரு டிரைவர், ஐம்பதைத் தாண்டியவர், சாயம் போன 7-ஆம் நம்பர் பனியனோடுதான் எப்போதும் இருப்பார். "குயா, இது யார் நம்பர்?" என்று கேட்டேன். குயா என்றால் அண்ணன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பதில் சொல்லவே இல்லை. இறங்கும்போது காசை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை: "ஹினெப்ரா." அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். 1946 மார்ச் 8, பாகியோ நகரம். அப்பா போலந்து வம்சாவளி அமெரிக்கர், அம்மா பிலிப்பைன்ஸின் இலோகானோ இனத்தவர். பெயர் மட்டும் கிழக்கு ஐரோப்பாவாக ஒலிப்பது இதனால்தான். யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட் அணியில் 60களின் நடுவில் ஆடினார். கோச் பேபி டலுபன். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார். 1967-ல் சியோலில் நடந்த ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்திய பிலிப்பைன்ஸ் அணியில் ஜாவோர்ஸ்கிக்கு வயது 21. மறு வருடம் மெக்ஸிகோ ஒலிம்பிக்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டுக் கூடைப்பந்தை ஊர் பெயர் கொண்ட அணிகளாக நினைத்தால் குழம்பிப் போவீர்கள். அணிகள் எல்லாம் கம்பெனிகளுடையவை. மின்சாரக் கம்பெனி, கார் கம்பெனி, பனியன் கம்பெனி, பால் கம்பெனி, ஹாட்டாக் கம்பெனி. தொழில்முறை லீக்கான பி.பி.ஏ. தொடங்கியது 1975-ல், அதற்கு முன் மிக்கா என்ற கம்பெனி லீக்தான் உச்சம். கம்பெனி எந்தச் சரக்கை விற்க நினைக்கிறதோ அதுதான் அணியின் பெயர். சரக்கு மாறினால் பெயரும் மாறும். ரசிகன் பாடுதான் திண்டாட்டம்.

மிக்காவில் ஜாவோர்ஸ்கி மின்சாரக் கம்பெனியான மெரால்கோவுக்கு ஆடியபோது நடந்ததை அவருடைய பக்தர்கள் மெதுவாகத் தாண்டிப் போவார்கள். 1971, பனியன் கம்பெனியான கிறிஸ்பாவுக்கு எதிரான ஆட்டம். விசில், அதாவது ரெஃப்ரியின் தீர்ப்பு, பிடிக்கவில்லை என்று ஜாவோர்ஸ்கியும் சக வீரர் ஆல்பெர்டோ ரெய்னோசோவும் இரண்டு ரெஃப்ரிகளை அடித்தார்கள். வாக்குவாதம், தள்ளுமுள்ளு என்ற அளவில் நிற்கவில்லை, அடியேதான். இருவருக்கும் ஆயுள்தடை விழுந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு இருவரும் போக முடியவில்லை. பிலிப்பைன்ஸ் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடியதும் அதில்தான். 1973-ல் ஆசியப் போட்டி மணிலாவுக்கு வந்தது. சொந்த ஊரில் தோற்க யாருக்கு மனசு வரும்? தடை நீங்கியது, இருவரும் ஆடினார்கள், கோப்பையும் வந்தது. ஆயுள்தடையின் ஆயுள் சுமார் இரண்டு வருடம். எனக்கு அவரைப் பிடிக்கும். அதற்காக இதை இளமை வேகம் என்று பூசி மெழுக மாட்டேன்.

அப்புறம் டொயோட்டா. அவருடைய ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் காலம்தான். பாயிண்ட் கார்டுக்கு ஆறடி ஒரு அங்குலம் என்பது அன்றைய ஆசியாவில் நல்ல உயரம். தோள்பட்டையோ பெரிய ஃபார்வர்டுகளுக்கு உள்ளது போல. தன்னைக் காக்க வரும் சின்ன கார்டை முதுகால் தள்ளிக்கொண்டே கூடைக்கு அடியில் கொண்டுபோய்விடுவார். எதிரணி ஷாட் தவறினால் பந்தை இன்னொருவர் பிடித்துத் தரட்டும் என்று காத்திருக்க மாட்டார். தானே பெரிய ஆட்களுக்கு நடுவே புகுந்து பிடிப்பார், பிடித்த வேகத்தில் தலை நிமிரும், எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் பிரான்சிஸ் அர்னாய்ஸ் கைக்குப் பந்து போய்விடும். பந்தைத் தரையில் தட்டுவதெல்லாம் அவருக்கு வேறு வழி இல்லாதபோதுதான். நடுவில் ராமோன் ஃபெர்னாண்டஸ் என்ற ஒல்லியான, கெட்டிக்கார சென்டர். இந்த மூவரும் ஒன்றாக ஓடும் பழைய துண்டுப் படங்களில் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். 1978-ல் ஜாவோர்ஸ்கி லீக்கின் சிறந்த வீரர். அந்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரியாக 20 புள்ளி, 12 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), ஒன்பதை ஒட்டி ரீபவுண்டு (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). பி.பி.ஏ.வில் அவர் சேர்த்த மொத்த அசிஸ்ட் 5,825. அது லீக் சாதனை.

எதிரி கிறிஸ்பா. அங்கே கோச் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பேபி டலுபன். கல்லூரியில் இவரை வளர்த்தவரே எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து இவரை அடக்க வழி தேடினார். முதல் பத்து சீசனில் கிறிஸ்பா 13 கோப்பை, டொயோட்டா 9. குடும்பத்துக்குள்ளேயே அண்ணன் கிறிஸ்பா, தம்பி டொயோட்டா என்று பிரிந்து சாப்பாட்டுத் தட்டு பறந்த கதைகள் இன்றும் சொல்வார்கள். 1977-ல் ஓர் ஆட்டம் முடிந்தபின் இரு அணியும் அடித்துக்கொண்டபோது நாட்டில் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. வீரர்களை ஃபோர்ட் போனிஃபாசியோ ராணுவ முகாமுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அடித்துக்கொண்ட இரு அணிகளும் ஒரே முகாமில்.

1983 சீசனோடு டொயோட்டா கடையை மூடியது. அணி உரிமத்தை வாங்கிய புது முதலாளியிடம் வீரர்களும் சேர்ந்தே போக வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்காமல் கொள்ளாமல் தன்னைக் கைமாற்றியதை ஜாவோர்ஸ்கி ஏற்கவில்லை. ஃபெர்னாண்டஸ் புது அணிக்குப் போனார். ஜாவோர்ஸ்கியும் அர்னாய்ஸும் கில்பீஸ் ஜின் அணிக்கு வந்தார்கள். பத்து வருடம் ஒன்றாக ஆடிய ஜாவோர்ஸ்கிக்கும் ஃபெர்னாண்டஸுக்கும் இடையே பேச்சு நின்றது. ஆளுக்கொரு நியாயம் உண்டு. ரசிகர்கள் மட்டும் யார் பக்கம் என்று உடனே முடிவெடுத்துவிட்டார்கள்.

ஜின் அணி 1985-ல் ஹினெப்ரா சான் மிகேல் ஆனது. ஹினெப்ரா என்பதும் ஜின்தான், ஸ்பானிய வார்த்தை. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவுச் சரக்கு. சீசாவில் ஒட்டியிருக்கும் படத்தில் மிக்கேல் தேவதூதர் சாத்தானை மிதித்துக்கொண்டு வாள் ஓங்குவார். அதை வரைந்தவர் பின்னாளில் தேசியக் கலைஞர் பட்டம் பெற்ற ஃபெர்னாண்டோ அமோர்சோலோ. ஜாவோர்ஸ்கி அதே வருடம் கோச் பொறுப்பும் ஏற்றார், ஜெர்சியைக் கழற்றாமலே. 39 வயது. ஆடிக்கொண்டே கோச்.

அந்த 1985 அக்டோபர் இரவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிரணி நார்தர்ன் சிமெண்ட். உண்மையில் அது ரான் ஜேகப்ஸ் பயிற்சி தந்த தேசிய அணி, விருந்தாளியாக லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. இளசுகள், அசாத்திய வேகம். ஆட்டத்தின் நடுவே ஜெஃப் மூர் என்ற அமெரிக்க வீரரின் முழங்கை ஜாவோர்ஸ்கியின் வாயில் இறங்கியது. உதடு கிழிந்தது. மெடிக்கல் சிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது தையல். இங்கே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஹினெப்ரா 15 புள்ளி பின்தங்கிக் கிடக்கிறது. கடைசிக் கட்டத்தில் வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. வாயில் கட்டோடு அவர் திரும்பி வருகிறார். வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனிதர் பெஞ்சில் வந்து உட்கார்கிறார், பிறகு எழுந்து களத்துக்குள்ளேயே போகிறார். அரங்கம் என்ன சத்தம் போட்டது என்பதை நான் எழுதத் தேவையில்லை. அந்தச் சத்தத்தில் சிமெண்ட் அணி இளைஞர்களுக்குக் கை உதறல் எடுத்தது. ஹினெப்ரா ஜெயித்தது.

அன்று அவர் போட்ட கூடைகளை எண்ணினால் ஒன்றும் பெரிதாகத் தேறாது. தோற்ற ஆட்டத்தில் ஒரு மனிதர் உள்ளே நுழைந்ததும் பத்தாயிரம் பேரும் உள்ளே இறங்கிவிட்ட மாதிரி ஆனது. அதுதான் விஷயம். "நெவர் சே டை", சாவுக்கு முன் தோல்வியை ஒத்துக்கொள்ளாதே, என்ற வார்த்தை ஹினெப்ராவோடு ஒட்டிக்கொண்டது இந்த இரவிலிருந்துதான்.

அப்புறம் அவர் கண்டுபிடித்த உத்தி எளிது. வயதான கால்கள் முழு ஆட்டம் தாங்காது. ஜெர்சிக்கு மேல் மேல்சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பார். ஆட்டம் கையை விட்டுப் போகும்போது கூட்டம் அவர் பெயரைச் சொல்லி மேலே மலிவு டிக்கெட் வரிசையிலிருந்து ஆரம்பிக்கும், கீழே இறங்கும். அவர் மேல்சட்டையைக் கழற்றுவார். அவ்வளவுதான், எதிரணி கோச் டைம் அவுட் கேட்பார். உள்ளே வந்து செய்வதும் பெரிய வித்தை இல்லை: கல் மாதிரி நின்று எதிராளியின் வழியை மறிக்கும் ஒரு ஸ்கிரீன், அழுத்தமாக ஒரு ஃபவுல், சரியான ஆளுக்கு ஒரு பாஸ். இதில் ரெஃப்ரிகளுக்கும் விசில் கொஞ்சம் தயங்கியது என்று எதிரணி ரசிகர்கள் சொல்வார்கள். அந்தப் புகாரை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். 90களின் நடுவில் அந்த நிமிடங்களை இளம் கார்டுகளுக்குக் கொடுத்திருந்தால் சில ஆட்டங்கள் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதும் என் கணிப்பு.

கோப்பை விவரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ல் முதல் கோப்பை, மைக்கேல் ஹாக்கெட், பில்லி ரே பேட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க இறக்குமதிகளோடு. ஹாக்கெட் அதற்கு முந்தைய வருடம் ஒரே ஆட்டத்தில் 103 புள்ளி போட்ட ஆள். 1988-ல் உள்நாட்டு வீரர்கள் மட்டும் ஆடும் தொடரில் இரண்டாவது. அப்போது அணியின் பெயர் அன்யேஹோ, ரம். (சரக்கு மாறியது, பெயர் மாறியது, கூட்டம் மாறவில்லை.) 1991-ல் மூன்றாவது, 1997-ல் நான்காவது. 13 வருடத்தில் நான்கே கோப்பை. இதே காலத்தில் சான் மிகேல் பீர் அணி 1989-ல் வருடத்தின் மூன்று கோப்பைகளையும் வாரிக்கொண்டது, ஆனால் அரங்கை நிரப்பியது ஹினெப்ராதான். டிரைசைக்கிள்காரர், சந்தையில் மீன் விற்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் என்று அன்றாடம் தோற்றுப் பழகியவர்களின் அணி அது. அடிக்கடி தோற்கும், எப்போதாவது செத்துப் பிழைத்து ஜெயிக்கும். அந்த எப்போதாவதுக்காக அவர்கள் வந்தார்கள்.

1991 கோப்பைக்கு முன்கதை உண்டு. 1990 இறுதிப் போட்டி, ஷெல் அணிக்கு எதிராக. ஆறாவது ஆட்டத்தில் விசில் பிடிக்கவில்லை என்று ஜாவோர்ஸ்கி அணியை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். கோப்பை ஷெல்லுக்குப் போனது. அணிக்குப் பெரிய அபராதம். பணம் கொடுத்து உட்கார்ந்திருந்த ரசிகனுக்குச் செய்த துரோகம் அது, நெவர் சே டை என்பதற்கு நேர் எதிர். மறு வருடம் அதே ஷெல்லோடு அதே இறுதிப் போட்டி. மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கினார்கள். இந்தத் தடவை வெளியேறவில்லை. ஐந்தாவதை எடுத்தார்கள், ஆறாவதை எடுத்தார்கள். ஏழாவது ஆட்டம் 102-க்கு 102. கடைசி ஷாட் நட்சத்திரம் யாருக்கும் போகவில்லை. ரூடி டிஸ்ட்ரிட்டோ, முரட்டுத் தடுப்பாட்டத்துக்குப் பெயர் போனவர், உள்ளே புகுந்து காற்றில் தொங்கியபடி விட்டார். ஒரு விநாடி மிச்சம். 104–102. ஜாவோர்ஸ்கிக்கு அப்போது 45.

நடுவில் 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டு. தொழில்முறை வீரர்களுக்குச் சர்வதேசக் கதவு திறந்த பின் பிலிப்பைன்ஸ் அனுப்பிய முதல் முழு பி.பி.ஏ. அணிக்கு அவர்தான் கோச். இறுதியில் சீனாவிடம் தோற்று வெள்ளி.

வயதைப் பற்றிக் கேட்டீர்களே, அது உண்மைதான். 1997-ல், 51 வயதில், வீரர் பட்டியலில் பெயரோடு களமிறங்கினார். மகன் ராபர்ட் ஜூனியரும் அதே அணியில் ஆடினார். அந்த வருடம் கார்டன்ஸ் ஜின் என்ற பெயரில் கோப்பை எடுத்தபோது வேலையைச் செய்தவர்கள் மார்லூ அக்கினோ, நோலி லோக்சின், பால் டேவிட் போன்ற இளைஞர்கள். அவர் பெரும்பாலும் கோச்சாகவே இருந்தார். ஆக, 51 வயதில் 25 வயதுக்காரரைப் போல ஆடினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செனட் விஷயம். பிலிப்பைன்ஸில் செனட்டரை நாடு முழுக்க ஒரே தொகுதியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் 12 இடம். உள்ளூர்ச் செல்வாக்கைவிட நாடறிந்த பெயர் இருப்பவருக்குச் சாதகமான முறை. 1998-ல் ஜாவோர்ஸ்கி ஜெயித்தது இதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் ஒரு வாக்கு அவரைத் துரத்தியது. 2001 ஜனவரி, ஜனாதிபதி எஸ்ட்ராடா மீதான பதவிநீக்க விசாரணை. வங்கி ஆவணங்கள் இருந்த ஓர் உறையைப் பிரிக்கலாமா என்று செனட்டர்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 11, வேண்டும் என்றவர்கள் 10. ஜாவோர்ஸ்கி வேண்டாம் பக்கம். அன்றிரவே மக்கள் மணிலாவின் எட்சா சாலையில் கூடத் தொடங்கினார்கள், சில நாளில் எஸ்ட்ராடா பதவி இழந்தார். 2004-ல் ஜாவோர்ஸ்கி மறுபடி நின்றார், தோற்றார். அரங்கில் 15 புள்ளி பின்தங்கினால் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கலாம். இங்கே அதற்கு வழி இல்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு. ஆட்டக்காரராக மட்டும் நிறுத்தினால் ஃபெர்னாண்டஸ் பெரியவர்: லீக்கின் சிறந்த வீரர் விருது நான்கு தடவை, 18,996 புள்ளி, 19 கோப்பை. ஜாவோர்ஸ்கிக்கு விருது ஒன்று, கோப்பை 13. நான் அணி எடுத்தால் முதலில் ஃபெர்னாண்டஸைத்தான் எடுப்பேன். ஆனால் ஃபெர்னாண்டஸ் அணி மாறிப் போயும் கோப்பைகள் எடுத்தார், கூட்டம் கூடவே போகவில்லை. ஜாவோர்ஸ்கி போன பிறகும் அவர் சேர்த்த கூட்டம் ஹினெப்ராவிலேயே இருக்கிறது. 1999 முதல் அணியின் பெயரே பராங்காய் ஹினெப்ரா. பராங்காய் என்பது அந்நாட்டின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு, ஊர், பேட்டை மாதிரி. தங்களை அப்படி அழைத்துக்கொண்ட ரசிகர்களின் பெயரைக் கம்பெனி எடுத்துச் சரக்குப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 2012 ஜூலையில் அரனெட்டா அரங்கில் 7-ஆம் நம்பரை ஓய்வு கொடுத்து உயரே ஏற்றினார்கள்.

வீடியோ என்றால் 1989 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஆரம்பியுங்கள். மூத்தவர்கள் ஒரு பக்கம், இளையவர்கள் ஒரு பக்கம். மூத்தவர்களுக்குக் கோச், சொன்னேனே, பேபி டலுபன். 130-க்கு 130. எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்பவர் ஜாவோர்ஸ்கி. உள்ளே கை நீட்டுபவர் வருடக்கணக்கில் பேசாத ஃபெர்னாண்டஸ். பந்து போகிறது, ஃபெர்னாண்டஸ் திரும்புகிறார், போடுகிறார், 132. அதோடு நிறுத்திவிடாதீர்கள். டலுபன் இருவரையும் ஆடுகளத்தின் நடுவுக்கு அழைத்து வருவார், இருவரும் கை குலுக்குவார்கள். அதற்குப் பிறகு ஒருமுறை பின்னால் ஓட்டி அந்த பாஸை மட்டும் பாருங்கள்.